லிபரல் என்றால் தாராளமயவாதியா?

'அரசு மருத்துவக் காப்பீட்டை விரிவாக்க அமெரிக்கத் தாராளமயவாதிகள் கோரிக்கை.' போன வாரம் ஒரு செய்திச் சானலின் அடியில் இப்படி ஒரு வரி ஓடியது. லிபரலைத் தாராளமயவாதி ஆக்குவது இது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன்.

லத்தீனில் லிபர் என்றால் அடிமையல்லாதவன். அதிலிருந்து வந்த லிபராலிஸ், சுதந்திர மனிதனுக்கு உரியது, கொடைக்குணம் உள்ளது என்று இரண்டு பொருளும் தந்தது. அது அரசியல் அணியின் பெயரானது ஸ்பெயினில். 1810இல் காடிஸ் நகரில் கூடிய நாடாளுமன்றத்தில் மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கேட்டவர்கள் லிபரல்கள். எதிரணிக்கு அவர்கள் வைத்த பட்டப்பெயருக்கு அடிமைப்புத்திக்காரர்கள் என்று பொருள். ஆக, சொல்லின் உயிர் விடுதலையில் இருக்கிறது. நாமோ கொடையைப் பிடித்துக்கொண்டோம். தாராளம் என்றதும் நமக்கு இலையில் விழும் நெய்தான் ஞாபகம் வருகிறது.

சரி, தாராளவாதி என்பதையாவது பொறுத்துக்கொள்ளலாம். இந்த 'மய'த்தைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. தாராளமயம் என்ற சொல் 1991 பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப் பிறகு நம் நாளிதழ்களில் ஒரே பொருளில் ஊறிப்போனது: லைசென்ஸ் கெடுபிடியைத் தளர்த்துவது, அந்நிய முதலீட்டுக்கு வழிவிடுவது, பொதுத்துறைப் பங்கை விற்பது. அமெரிக்க லிபரல் கேட்பதோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. 1930களில் அரசே வேலை கொடுக்க வேண்டும், முதியோருக்கு ஓய்வூதியம் வேண்டும், வங்கிகளுக்குக் கடிவாளம் வேண்டும் என்ற அதிபர் ரூஸ்வெல்ட் தன்னை லிபரல் என்று சொல்லிக்கொண்டார். அதிபர் தேர்தலில் அவரிடம் தோற்ற ஹூவர், உண்மையான லிபரல் நான்தான் என்று மல்லுக்கட்டிப் பார்த்தார், எடுபடவில்லை. அன்றிலிருந்து அங்கே அந்தச் சொல் இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. அதைத் தாராளமயவாதி என்று எழுதினால், காப்பீட்டை அரசு விரிவாக்க வேண்டும் என்பவர் தமிழில் காப்பீட்டுக் கழகத்தை விற்கச் சொல்பவராக ஆகிவிடுகிறார்.

ஆஸ்திரேலியாவில் கதை வேறு. அந்நாட்டுப் பிரதமராக இருந்த மென்சீஸ் 1944இல் தொடங்கிய லிபரல் கட்சி, தொழிற்கட்சிக்கு எதிராக நிற்கும் வலதுசாரிக் கட்சி. சிட்னியில் இருக்கும் என் சித்தி மகன் குடும்ப வீடியோ அழைப்பில், "இந்தத் தடவை லிபரலுக்குத்தான் போட்டேன்" என்றான். நியூ ஜெர்சி அத்தானுக்கு ஒரே பூரிப்பு: "நீயும் நம்ம ஆளாயிட்டியா!" வரிக்குறைப்பு பற்றிப் பேச்சு வந்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது.

ஜப்பானில் 1955 முதல் பெரும்பாலான காலம் ஆண்ட லிபரல் ஜனநாயகக் கட்சி பழமைவாதிகளின் கூடாரம். ரஷ்யாவில் ஷிரினோவ்ஸ்கி என்ற அரசியல்வாதி அதே பெயரில் நடத்தியது தீவிர தேசியவாதக் கட்சி.

'மிதவாதி என்று போட்டால் என்ன?' என்று கேட்பவர்களும் உண்டு. அந்தச் சொல்லுக்கு நம்மிடம் ஒரு வரலாறு இருக்கிறது. 1907இல் சூரத்தில் காங்கிரஸ் உடைந்தபோது ஒரு பக்கம் மிதவாதிகள், மறுபக்கம் திலகர் தலைமையில் தீவிரவாதிகள், வ.உ.சி.யும் பாரதியும் தீவிரவாதிகள் அணி. இன்று அப்படி எழுதிப் பாருங்கள், சண்டைக்கு வருவார்கள். அப்புறம் 1918இல் காங்கிரஸிலிருந்து பிரிந்துபோன சீனிவாச சாஸ்திரி போன்ற மிதவாதிகள் லிபரல் என்ற பெயரை எடுத்துக்கொண்டது உண்மைதான். ஆனால் மிதம் என்பது வேகத்தின் அளவு. லிபரல் என்பது கொள்கை.

என் வழக்கம் இதுதான். கட்சிப் பெயரானால் லிபரல் கட்சி என்றே எழுதுவேன். பெயர்ச்சொல்லை எதற்குப் பெயர்க்க வேண்டும்? தத்துவமானால் ஈழத்தில் புழங்கும் தாராண்மைவாதம். தாராளத்தின் வாசனை அதிலும் இருக்கிறது, ஆனால் 1991இன் கறை இல்லை. அமெரிக்க லிபரல்களானால், அந்நாட்டு இடதுசாய்வினர் என்று ஒரு சொல் கூடுதலாகச் சேர்த்துவிடுவேன்.

டென்மார்க்கில் வென்ஸ்ட்ர என்று ஒரு லிபரல் கட்சி இருக்கிறது. அந்தச் சொல்லுக்குப் பொருள் இடது; கட்சியோ மைய வலது. அதன் பெயர் நம் மொழிபெயர்ப்பாளர் கண்ணில் இன்னும் படவில்லை என்று நினைக்கிறேன்.