தீயில்லாமல் எரியும் வைக்கோல்

பஞ்சாப் வயல்களில் வைக்கோலை எரிப்பதால் சூழும் டெல்லிப் புகை பற்றிய செய்திகளைப் படித்த கொடுங்கையூர் வாசகர் ஒருவர் கூர்மையான கேள்வி கேட்டிருக்கிறார்: வைக்கோலை எரித்தாலும் மக்கவைத்தாலும் அதிலுள்ள கார்பன் கடைசியில் கார்பன் டை ஆக்சைடாகத்தானே போகிறது, எரிப்பதை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்?

கார்பன் கணக்கு பெரும்பாலும் சரிதான். நீர் நிற்கும் வயலில் மடக்கி உழுதால் மீத்தேனும் சேர்ந்து வரும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வயல்தீ அரைகுறையாக எரிவதால் கார்பன் மோனாக்சைடும் 2.5 மைக்ரானுக்கும் சிறிய நுண்துகள்களும் கிளம்புகின்றன. ஒரு டன் வைக்கோலுக்குச் சுமார் 5.5 கிலோ நைட்ரஜனும் காற்றோடு போய்விடுகிறது. சாம்பல் நல்ல உரம் என்ற நம்பிக்கை பொட்டாசுக்குப் பொருந்தும், நைட்ரஜனுக்குப் பொருந்தாது.

மக்குவதும் வேதியியல்படி ஒருவகை எரிதல்தான். அதைச் செய்வதில் முக்கியமானவை பூஞ்சைகள். வைக்கோலில் அவற்றுக்கு வேண்டிய உணவு செல்லுலோஸ் என்ற நார்ப்பொருள். அதைச் சுற்றி லிக்னின் என்ற கடினமான பொருள் இறுகிக் கிடக்கிறது. பொதுவாக ஒரு நொதி, பூட்டுக்குச் சாவி போல, குறிப்பிட்ட வடிவமுள்ள மூலக்கூறில் மட்டுமே பொருந்தும். லிக்னினிலோ ஒழுங்கான வடிவமே இல்லை, நொதி நுழையும் அளவுக்கு இடைவெளியும் இல்லை. சிப்பிக் காளான் என்ற பூஞ்சை இதற்குக் கண்டிருக்கும் வழி என்னை ஒவ்வொரு முறையும் வியக்கவைக்கிறது. அது தானே ஹைட்ரஜன் பெராக்சைடைத் தயாரித்து, அதன் துணையால் மாங்கனீசு அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறிக்கிறது. எலக்ட்ரானை இழந்த அந்த அயனி, ஆக்சாலிக் அமிலத்தின் பிடியில் சிதையாமல், நொதியால் எட்ட முடியாத இண்டு இடுக்குகளுக்குள் ஊடுருவி, எதிர்ப்படும் லிக்னினிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி அதை உடைக்கிறது. தீக்குச்சி செய்யும் அதே ஆக்சிஜனேற்றம், அறை வெப்பநிலையில், புகையில்லாமல் நடக்கிறது. நைட்ரஜனில் பெரும்பகுதி பூஞ்சையின் உடலிலேயே தங்குகிறது.

மாதவரத்தில் ஒரு சிறிய கூரையடியில்கூட இதைப் பார்க்கலாம்: பொன்னேரிப் பக்கத்து வைக்கோலை ஊறவைத்து, வேகவைத்து, காளான் வித்தோடு பையில் அடுக்கினால், இரண்டு மூன்று வாரங்களில் பூஞ்சை இழை பரவிப் பை முழுவதும் வெளுத்துவிடும். காளான் அறுவடை முடிந்த வைக்கோல் உரக்குழிக்குப் போகும்.

ஆனால் பஞ்சாபில் ஆண்டுதோறும் சேரும் சுமார் 2 கோடி டன் வைக்கோலைக் காளான் குடில்களால் தீர்க்க முடியாது. நிலத்தடி நீரைக் காக்க 2009இல் வந்த சட்டம் நடவைத் தள்ளிப்போட்டதால், நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையில் அங்கே கிடைப்பது சில வாரங்களே. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் பூசா கலவைக்கும், அதாவது வைக்கோலை வயலிலேயே மக்கவைக்கத் தெளிக்கும் பூஞ்சைக் கலவைக்கும், ஏறத்தாழ அவ்வளவு நாள் தேவைப்படுகிறது. ஆகவே ஆராய்ச்சிப் பணம் வைக்கோலை மக்கவைக்கும் மருந்துகளைவிடக் குறுகிய கால நெல் ரகங்களுக்கு அதிகம் போக வேண்டும் என்பது என் கட்சி. பழைய பூசா 44 ரகத்தைவிட ஏறக்குறைய ஒரு மாதம் முந்தி விளையும் பி.ஆர். 126 ஏற்கெனவே அங்கே பயிராகிறது. அந்த ஒரு மாதம் கையில் இருந்தால் பூஞ்சை தன் வேலையை முடித்துவிடும்.