ஈயக்குட்டைக் கரையில் வாய் பிளந்து நிற்கும் நாரை

சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயா (பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை) பக்கத்து ஈயக்குட்டைகளுக்கு, அதாவது ஈயம் தோண்டிய பள்ளங்களில் நீர் தேங்கிய குட்டைகளுக்கு, கூட்டமாகப் பறவை பார்க்கப் போகிறவர்கள், சாவகாசமாகப் பசியாறிவிட்டுப் பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தால் "ஒன்றுமே இல்லையே" என்று திரும்ப வேண்டியதுதான். பறவைகள் எங்கும் போய்விடவில்லை. உடம்புச் சூட்டை இறக்கும் வேலையில் இருக்கின்றன.

பறவையின் உடல் வெப்பம் ஏறக்குறைய 40 முதல் 42 டிகிரி செல்சியஸ். வியர்வைச் சுரப்பி கிடையாது. அதனால் நாரை, வக்கா, நீர்க்காகம் எல்லாம் அலகைத் திறந்து தொண்டைத் தோலைப் படபடவென்று அடித்துக்கொள்ளும். உள்ளே ஈரத்தோல் மேல் காற்று ஓடி நீர் ஆவியாகும். ஒரு கிராம் நீர் போகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பமும் போகும். நெஞ்சு விம்ம மூச்சிரைப்பதைவிட இது சிக்கனம், அசைவது தொண்டை மட்டும்தானே.

பாலைவன ஏரிகளில் கோடைக்காற்று 45 டிகிரியைத் தொடும். காற்று உடம்பைவிடச் சூடாகிவிட்டால் ஆவியாதல் ஒன்றே வழி. வறண்ட காற்றில் அது நன்றாக நடக்கும், ஆனால் உடலில் நீர் வேகமாகக் குறையும். நம் ஊரில் நிலைமை வேறு. மலேசியாவின் உச்சமே 1998 ஏப்ரலில் பெர்லிஸ் சுப்பிங்கில் பதிவான 40.1 டிகிரிதான். வழக்கமான பகலில் 33, 34. காற்று உடம்பைவிடக் குளிர்ச்சி, ஆனால் புழுக்கத்தில் ஆவியாதல் மந்தம். ஆகவே பறவை இறகில்லாத கால்களைத் தண்ணீரில் வைத்து, இறக்கைகளைச் சற்றுத் தளர்த்தி, செம்பனை நிழலில் ஒதுங்கிவிடும். உச்சிவெயிலில் நடுக்குட்டையைத் துழாவிப் பயனில்லை. கரையோர நிழலைப் பாருங்கள்.

பேராக் கடலோரத்துக் குவாலா கூலா பக்கம் பெருநாரையின் கால்கள் வெள்ளையடித்ததுபோல் தெரிந்தால் நோய் என்று பதற வேண்டாம். தன் எச்சத்தைத் தானே காலில் விட்டுக்கொள்கிறது. அந்த ஈரம் காயும்போது காலில் ஓடும் ரத்தம் குளிர்கிறது.

வெயில் ஏறினால் தொலைநோக்கியும் கைவிடும். செம்மண் சடக்கு சூடேறி, மேலே காற்று வெவ்வேறு அடர்த்தியில் எழும்பும். அதைக் கடந்து வரும் ஒளி வளைந்து பிம்பம் நெளியும். 60 மடங்குக்குக் கூட்டினால் நெளிவும் சேர்ந்து பெரிதாகும். 20க்கு இறக்கி, முக்காலியைச் சடக்கிலிருந்து புல்தரைக்கு மாற்றுங்கள். இதைவிட நல்லது, விடிந்ததும் ஏழேகாலுக்கே கிழக்குக் கரையில் நிற்பது. வெளிச்சம் முதுகுப்பக்கம் இருக்கும்.

கூட்டமாகப் போவதில் உண்மையான ஆபத்து ஆள்காட்டிக் குருவிக்குத்தான். சிவப்பு மூக்கு ஆள்காட்டி வெறுந்தரையில் முட்டையிடும். வெயிலில் அது அடைகாப்பதைவிட முட்டைகள் மேல் நின்று நிழல் கொடுக்கும். குட்டையில் வயிற்றிறகை நனைத்து வந்து ஈரமாக்கவும் செய்யும். பத்துப் பேர் அருகே நின்று படம் எடுத்தால் தாய் தலைக்கு மேல் கத்திச் சுற்றும், அதுவரை முட்டைகள் நேர்வெயிலில் கிடக்கும். அதிகம் நேரமானால் கரு செத்துவிடும். கத்தல் தொடங்கியதுமே வந்த தடத்திலேயே பின்வாங்குங்கள். முட்டை எங்கே என்று தேடக் கூடாது. சரளைக்கற்களுக்கு நடுவே கண்ணில் படுவதற்குள் காலில் மிதிபட்டுவிடும்.