பின்னாடியும் டிஸ்க் போட்டால் பிரேக் கூடுமா?

பழைய ஹேட்ச்பேக்கை மாடிஃபை பண்ண வருகிறவர்கள் தவறாமல் கேட்பது: "அண்ணே, பின்னாடி டிரம்மைக் கழட்டிட்டு டிஸ்க் போட்டுடலாமா?" போடலாம். பார்க்க அழகாகவும் இருக்கும். (டிஸ்க்கை இருபக்கமும் பேடால் அழுத்திப் பிடிக்கிற காலிப்பரில் ஹேண்ட்பிரேக் லீவர் இல்லையென்றால் ஹேண்ட்பிரேக் போய்விடும், அது வேறு கதை.) ஆனால் பின்பக்கத்துக்கு மட்டும் பலம் ஏற்றினால், வண்டி சீக்கிரம் நிற்பதைவிட சுற்றிக்கொள்ளும் வாய்ப்புதான் அதிகம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 900 கிலோ கார். நிற்கும்போது முன் ஆக்ஸிலில் 540, பின்னால் 360. வீல்பேஸ், அதாவது முன், பின் ஆக்ஸில்களுக்கு நடுவே உள்ள தூரம், 2.4 மீட்டர்; எடைமையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம். காய்ந்த ரோட்டில் 0.8 ஜி அளவுக்கு (புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.8 பங்கு வேகக்குறைப்பு) பிரேக் பிடித்தால் 150 கிலோ பின்னாலிருந்து முன்னால் போய்விடும். பின்னால் மிச்சம் 210. அதாவது ரோட்டுப் பிடிப்பில் முக்கால் பங்குக்கு மேல் முன்வீல்களிடம் இருக்கிறது. முன்வீல் லாக் ஆனால், அதாவது சுற்றாமல் நின்று வழுக்கினால், ஸ்டியரிங் கேட்காது, ஆனாலும் வண்டி நேராக இழுத்துக்கொண்டு போகும். பின்வீல் முதலில் லாக் ஆனால் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். பைபாஸ் வேகத்தில் அதைச் சமாளிக்கிற டிரைவர்கள் குறைவு.

இனி காலிப்பர். பேடை டிஸ்க்கில் அழுத்தும் விசை, காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன் விட்டத்தின் வர்க்கத்தோடு கூடும். முன்னால் 51 மி.மீ., பின்னால் 38 மி.மீ., டிஸ்க்கும் பேடும் ஒரே மாதிரி என்றால் முன்-பின் பிரேக் பங்கு 64:36. மேலே சொன்ன காருக்கு இது பின்னால் ரொம்ப அதிகம். பின்னால் 34 போட்டாலும் 69:31 தான். காயலான் கடைக் காலிப்பர் "போல்ட் செட் ஆயிடுச்சு" என்று மாட்டி வருகிறவர்களில் யாரும் பிஸ்டனை வெர்னியர் வைத்து அளந்திருப்பதில்லை.

பிரேக்கைத் தொடாமலேயே கெடுக்கிறவர்களும் உண்டு. சில வண்டிகளில், முக்கியமாக வேன்களில், பின்பக்க அழுத்தத்தை அளந்து விடும் வால்வு ஆக்ஸிலோடு ஒரு ஸ்பிரிங்கால் இணைந்திருக்கும். லோடு ஏறி பாடி தாழ்ந்தால் பின்னால் அழுத்தம் கூடும். சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்தினால் அந்த வால்வுக்கு லோடு ஏறியதாகத்தான் தெரியும். காலி வண்டிக்கு லோடு வண்டியின் பிரேக்!

பின்பக்க பிரேக்கைக் குறைக்க, நாமே திருகி வைக்கிற அட்ஜஸ்டபிள் வால்வு போடுவதென்றால் பின் பிரேக் லைனில்தான். அது அழுத்தத்தைக் குறைக்குமே தவிர கூட்டாது. பெரும்பாலான முன்வீல் டிரைவ் கார்களில் லைன் குறுக்காகப் போகும்: ஒரு முன்வீலும் எதிர்ப்பக்கப் பின்வீலும் ஒரு சர்க்யூட். இரண்டு பின் லைன்களையும் ஒரே வால்வில் சேர்த்துவிட்டால், ஒரு பக்கம் லீக் ஆகும்போது மொத்த பிரேக்கும் போகும். வேலை மிச்சம் என்று இப்படிச் செய்து அனுப்பும் பட்டறைகள் இருக்கின்றன. வீல் லாக் ஆகாமல் தானே பார்த்துக்கொள்கிற ஏ.பி.எஸ். உள்ள காரில் இந்த வால்வை நினைக்கவே வேண்டாம்.

வால்வு செட்டிங்கை ஆள் நடமாட்டமில்லாத இடத்தில், காய்ந்த தரையில் செய்யுங்கள். வெளியே ஒருவர் நின்று பார்க்கட்டும். முன்வீல் கொஞ்சம் முந்தி லாக் ஆக வேண்டும். மழை ஈரத்தில் செட் பண்ணினால் எடை அவ்வளவாக முன்னால் போகாது, அதனால் பின்னால் அழுத்தத்தை அதிகம் விட்டாலும் சரியாகத் தெரியும். வெயில் வந்ததும் அதே செட்டிங்கில் பின்வீல்தான் முதலில் லாக் ஆகும்.