96 சதவீதத்துக்குள் ஒளிந்திருக்கும் பழுது

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் இரண்டு ஷிப்ட் ஓடும் ஒரு சிஎன்சி லேத்தை (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் கடைசல் மெஷினை) எடுத்துக்கொள்வோம். 26 நாளைக்கு 416 மணி. பிரேக்டவுனில் போனது 16 மணி, ஓடியது 400. அதாவது ஓட வேண்டிய நேரத்தில் 96 சதவீதம் ஓடியிருக்கிறது. மாதக் கூட்டத்தில் இந்த எண்ணைச் சொன்னால் யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்டாக வேண்டும்.

ஏனென்றால் அந்த 16 மணி, 4 தடவை நின்று தடவைக்கு 4 மணியாகவும் போயிருக்கலாம். 16 தடவை நின்று தடவைக்கு 1 மணியாகவும் போயிருக்கலாம். முன்னதில் ஒரு பழுதுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஓடிய சராசரி நேரம் (எம்டிபிஎஃப்) 100 மணி, சரிசெய்ய ஆன சராசரி நேரம் (எம்டிடிஆர்) 4 மணி. பின்னதில் 25 மணி, 1 மணி. சதவீதம் ஒன்றுதான், பிரச்சினை வேறு வேறு.

16 தடவை நிற்கும் மெஷினில் பெரும்பாலும் ஒரே கோளாறுதான் திரும்பத் திரும்ப வரும். டரட்டின் (வெட்டும் கருவிகளைத் தாங்கிச் சுழலும் தலையின்) நிலையை அறியும் பிராக்சிமிட்டி சென்சாரின் கனெக்டருக்குள் கூலன்ட் (வெட்டும்போது சூட்டைத் தணிக்க ஊற்றும் திரவம்) இறங்கும். ஃபிட்டர் ஏர் அடித்து, துடைத்து, ஓட்டிவிடுவார். ஜாப் கார்டில் (வேலைச் சீட்டில்) 'சென்சார் சரிசெய்யப்பட்டது' என்று ஏறும். கனெக்டரின் சீலை மாற்றி, கேபிளை வேறு வழியில் திருப்பிவிடும் வரை இது ஓயாது. முடித்த கார்டுகளை எண்ணி மெயின்டனன்ஸ் ஆட்களின் உழைப்பை அளக்கும் இடங்களில் இந்த 16 கார்டும் பாராட்டு வாங்கித் தரும்! அதே மெஷின், அதே பாகம், 30 நாளுக்குள் வந்தால் சிவப்பு மையில் தனியாகக் குறியுங்கள்.

4 மணி நேரப் பழுதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உதாரணமாக, சக்கின் (வேலைப்பொருளைக் கவ்விப் பிடிக்கும் பாகத்தின்) ஹைட்ராலிக் வால்வில் 24 வோல்ட் காயில் எரிந்துவிட்டது. தகவல் போக 10 நிமிடம், கண்டுபிடிக்க 25, காயில் கைக்கு வர 160, மாட்டி ஓட்டிப் பார்க்க 45. எலக்ட்ரீஷியன் வேலை பார்த்தது 70 நிமிடம்தான். மீதியில் 160 நிமிடம் ஸ்டோர்ஸில் காயில் இல்லாததன் கணக்கு. அதை அவர் தலையில் கட்டுவது அநியாயம். ஆகவே பதிவேட்டில் மெஷின் நின்ற நேரம், ஆள் வந்த நேரம், பழுது தெரிந்த நேரம், ஸ்பேர் வந்த நேரம், ஒப்படைத்த நேரம் என ஐந்து கட்டம் போடுங்கள். கடிகாரம் மெஷின் நின்ற நொடியில் தொடங்க வேண்டும், சீட்டு எழுதிய நேரத்தில் அல்ல.

கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கத்து மாம்பழக்கூழ் ஆலைகளுக்கு இந்தச் சதவீதத்தை ஆண்டு முழுமைக்கும் போடவே கூடாது. சீசன் சில மாதம்தான். 365 நாளால் வகுத்தால் எந்தப் பழுதும் சிறிதாகத்தான் தெரியும். பல்ப்பர் (பழத்தைக் கூழாக்கும் மெஷின்) பேரிங் சிக்கி அரை நாள் நின்றால், பழுத்துக் குவிந்திருக்கும் பெங்களூரா மாம்பழம் அழுகத் தொடங்கும். இங்கே அளக்க வேண்டியது, சீசன் தொடங்குமுன் முடித்திருக்க வேண்டிய வேலைகளில் எத்தனை முடிந்தன என்பதை. அதுவும் டிக் அடித்த தாளை வைத்து அல்ல: பல்ப்பரை வெறுமனே 2 மணி நேரம் ஓட்டி, பேரிங் சூட்டைக் குறித்து, சல்லடையைக் கழற்றிப் பார்த்த பிறகே 'முடிந்தது' என்று எழுத வேண்டும்.