மண் நிறப் பாம்பு சாதுவா?

போன வாரம் பால்மரம் வெட்டும் அண்ணன் ஒருவர் காலில் பாம்பு கடித்து, நான்கு மணி நேரம் கழித்துக் கிளினிக்குக்கு வந்தார். முழங்கால் வரை வீக்கம், கடிவாயில் கொப்புளம். ஏன் இவ்வளவு தாமதம் என்றேன். "சருகு மாதிரி இருந்துச்சு ஐயா, கலர் பாம்புக்குத்தானே விஷம்?" இந்த வருடம் இந்தப் பதிலைக் கேட்பது மூன்றாவது முறை.

கடித்தது காப்பாக் போடோ என்னும் விஷக் குழிவிரியன். மலேசியாவின் கெடா மாநில ரப்பர் தோட்டங்களில் இதைத் தெரியாதவர் இருக்க முடியாது. ஆள் வந்தாலும் நகராமல் சருகோடு சருகாகச் சுருண்டு கிடக்கும். ஒளிந்திருப்பதுதான் அதன் பிழைப்பு. விஷம் இருக்கிறது என்று விளம்பரம் செய்தால் எலி எப்படி மாட்டும்?

பளிச்சென்ற நிறம் எச்சரிக்கைதான், மறுக்கவில்லை. மலாக்காவில் பூச்சி பிடித்துத் திரிந்த இயற்கை ஆய்வாளர் வாலஸ், 1867-இல் வண்ணக் கம்பளிப்பூச்சிகளைப் பற்றிச் சொன்னதும் அதுதான்: தின்றால் கசக்கும் என்று பறவைக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் நிறம் அது. ஆனால் 'நாய் ஜாக்கிரதை' என்று பலகை மாட்டாத வீட்டில் நாய் இல்லை என்று யார் சொன்னது?

பலகை மாட்டிய எல்லா வீட்டிலும் நாய் இருப்பதும் இல்லை. மலாயாக் கட்டுவிரியனுக்குக் கறுப்பு வெள்ளைப் பட்டை. விஷமில்லாத ஓநாய்ப் பாம்பு வகை ஒன்றின் குட்டிக்கும் அதே பட்டை. கட்டுவிரியனுக்குப் பயப்படும் பறவை இதையும் விட்டுவிடும். இந்த வேஷத்தை அமேசான் வண்ணத்துப்பூச்சிகளிடம் கண்டு 1862-இல் எழுதியவர் பேட்ஸ் என்ற இயற்கை ஆய்வாளர். அசலைவிடப் போலிகள் பெருகிவிட்டால் பறவை துணிந்து கொத்தும், வேஷம் பலிக்காது. அதனால் பட்டைப் பாம்பைக் கையில் தூக்கிப் படம் எடுக்கும் தம்பிகளே, "இது டூப்ளிகேட்" என்று பந்தயம் கட்டாதீர்கள். கட்டுவிரியன் கடித்தால் வலிகூடப் பெரிதாக இருக்காது, வீங்காது. அப்புறம் இமை தொங்கும், மூச்சு நிற்கும்.

எந்த நிறமாக இருந்தாலும் சரி, கடித்தால் உடனே 999. காலை அசைக்காமல் வையுங்கள். துண்டால் இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். விஷமுறிவு மருந்து பெரிய மருத்துவமனையில்தான் இருக்கிறது, என் அலமாரியில் இல்லை. விடியற்காலை மரம் வெட்டப் போகிறவர்கள் தயவுசெய்து பூட்ஸ் போடுங்கள். சிலிப்பர் வேண்டாம்.

அடையாளம் காட்டப் பாம்பையே கொண்டு வரவும் வேண்டாம், தள்ளி நின்று எடுத்த படம் போதும். போன மாதம் ஒருவர் பிஸ்கட் டின்னில் கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். அது சாகவில்லை.