இரண்டு புளியங்கொட்டையும் 272-ம்

2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை. அன்று மாலை ராஷ்டிரபதி பவனில் மத்தியக் கூட்டணி அரசின் பதவியேற்பு. ஆர்.கே. புரத்தில், மலை மந்திருக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் எங்கள் வீட்டில் வழக்கம்போலக் காலையில் தமிழ் வகுப்பு. தில்லியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வருவார்கள். எழுத்துக்கூட்டிச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒருவன் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டான்: "மிஸ், 240 பெரிசா, 16 பெரிசா? டிவியில எல்லாரும் 16 வெச்சிருக்கிறவரைப் பத்தியே பேசுறாங்களே?"

மக்களவையில் பாஜகவுக்கு 240 இடம், அதன் கூட்டாளி தெலுங்கு தேசத்துக்கு 16. பாடத்தை மூடிவைத்துவிட்டு, பல்லாங்குழி டப்பாவிலிருந்து ஒன்பது புளியங்கொட்டைகளை எடுத்தேன். கேட்டவனுக்கு 4, அவன் பக்கத்தில் இருந்தவனுக்கு 3, இருப்பதிலேயே சின்னவளுக்கு 2. நடுவில் பன்னிரண்டு கடலை மிட்டாய். ஐந்து கொட்டைக்குக் குறையாமல் சேர்த்துக் காட்டுகிற கூட்டணிக்கு மிட்டாய் மொத்தமும் கிடைக்கும். எப்படிப் பிரிப்பது என்பதை அவர்களே பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.

"எங்கிட்ட ரெண்டுதானே இருக்கு, நான் எப்படி ஜெயிக்கிறது?" என்று சின்னவளுக்கு முகம் வாடிவிட்டது. கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் அவள் வாட வேண்டியதே இல்லை. 4-ம் 3-ம் சேர்ந்தால் ஐந்தைத் தாண்டும். 4-ம் 2-ம் சேர்ந்தாலும் தாண்டும். 3-ம் 2-ம் சேர்ந்தால் சரியாக ஐந்து. மூவரில் எந்த இருவர் சேர்ந்தாலும் போதும், தனியாக யாராலும் முடியாது. கையில் இருப்பது 4, 3, 2 என்றாலும் மூவரின் பலமும் ஒன்றுதான்.

தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் தொங்கு நாடாளுமன்றம் அமைந்தால் நடப்பது இதுதான். ஒரு கட்சியின் பலத்தை அதன் இடங்களைக் கொண்டு அளக்க முடியாது. அது விலகினால் எத்தனை வெற்றிக் கூட்டணிகள் உடையும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1954-இல் லாய்ட் ஷாப்லி, மார்ட்டின் ஷூபிக் என்ற இருவர் இதைக் கணக்காகவே எழுதிவைத்தார்கள். 1965-இல் ஜான் பான்சாஃப் என்ற வழக்கறிஞர் இன்னொரு வகையில் அளந்தார். அவர் எடுத்துக்கொண்டது நியூயார்க் மாநிலத்தின் நாசாவ் கவுன்டி நிர்வாகக் குழு. ஆறு உறுப்பினர்களுக்கு மக்கள்தொகையை ஒட்டி 9, 9, 7, 3, 1, 1 என்று 30 வாக்குகள், ஜெயிக்க 16 வேண்டும். முதல் மூவரில் எந்த இருவர் சேர்ந்தாலும் 16 வந்துவிடும். அவர்களில் ஒருவர் மட்டும் மற்ற மூவரையும் சேர்த்துக்கொண்டால் 14-க்கு மேல் போகாது. ஆக, கடைசி மூன்று பேரும் கை தூக்கினாலும் தூக்காவிட்டாலும் எந்த முடிவும் மாறப்போவதில்லை. மூன்று வாக்கு கையில் இருந்தும் பலம் பூஜ்யம். இதை முதல்முறை படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. அந்த ஊர்களில் எத்தனையோ பேர் வரிசையில் நின்று வாக்களித்திருப்பார்கள்.

இப்போது அந்தப் பையனின் கேள்விக்கு வரலாம். 2024-இல் மக்களவையின் 543 இடங்களில் பாஜகவுக்கு 240, அதன் கூட்டணிக்கு மொத்தம் 293. பெரும்பான்மைக்கு வேண்டியது 272. ஆக, கையிருப்பில் 21 இடம் உபரி. 16 வைத்திருக்கும் தெலுங்கு தேசம் மட்டும் விலகினால் 277, ஆட்சி நிற்கும். 12 வைத்திருக்கும் ஐக்கிய ஜனதா தளம் மட்டும் விலகினால் 281, அப்போதும் நிற்கும். இரண்டும் ஒன்றாக விலகினால் 265, கவிழ்ந்துவிடும். தெலுங்கு தேசத்தோடு 5 இடமுள்ள லோக் ஜனசக்தி போனால் மிச்சம் சரியாக 272, மயிரிழையில் தப்பிக்கும். அதற்குப் பதில் 7 இடமுள்ள சிவசேனா போனால் 270, தப்பிக்காது. மற்ற எல்லாரும் இருந்த இடத்திலேயே இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. டிவியில் சொன்னதுபோல ஒருவர் கையில் மட்டும் கடிவாளம் இல்லை. உபரி 21 ஆக இருக்கும்வரை எந்த ஒரு கூட்டாளியாலும் தனியாகக் கவிழ்க்க முடியாது.

வில்லியம் ரைக்கர் என்ற அரசியல் அறிஞர் 1962-இல், ஜெயிக்கப் போதுமான அளவுக்கு மேல் யாரும் ஆள் சேர்க்க மாட்டார்கள், சேர்த்தால் பங்கு குறையும் என்று வாதிட்டார். மிட்டாய்க்கு அது சரி. மிட்டாய் நாளைக்கு மனம் மாறி எதிர்ப்பக்கம் போகாது, கூட்டாளி போவார். யார் எப்போது போவார் என்று தெரியாத இடத்தில் உபரி ஆள் என்பது காப்பீடு. தகவல் குறையக் குறையக் கூட்டணி பெரிதாகும் என்று ரைக்கரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பிள்ளைகளின் பேரம் அதற்குள் சூடுபிடித்துவிட்டது. பெரியவன் பக்கத்துப் பையனிடம் "எனக்கு ஏழு, உனக்கு அஞ்சு" என்று முடித்தான். வெறுங்கையோடு நின்ற சின்னவள் உடனே பக்கத்துப் பையனிடம், "என்கூட வா அண்ணா, உனக்கு ஏழு, எனக்கு அஞ்சு" என்றாள். கை நழுவிப்போன பெரியவன் சின்னவளிடம் "உனக்கு ஆறு தரேன்" என்றான். இப்போது வெளியே நின்றவன் பெரியவனிடம் போய், "உனக்கு எட்டு, எனக்கு நாலு போதும்" என்றான். பத்து நிமிடம் இப்படியே சுற்றியது. ஒரு மிட்டாய்கூட இடத்தைவிட்டு நகரவில்லை.

பிள்ளைகளின் பேராசை என்று இதைத் தள்ளிவிட முடியாது. எப்படிப் பிரித்தாலும் யாருக்காவது ஏதாவது கிடைத்திருக்கும். மற்ற இருவரும் சேர்ந்து அவரை வெளியே தள்ளினால், அவர் பங்கையும் உடைத்துத் தங்களுக்குள் போட்டுக்கொள்ளலாம். எந்தப் பங்கீட்டுக்கும் அதைவிட ஆசை காட்டுகிற இன்னொரு பங்கீடு உண்டு. நிலைத்து நிற்கும் பங்கீடு என்று ஒன்று இந்த ஆட்டத்தில் இல்லவே இல்லை. தேர்தலுக்குப் பிந்தைய இழுபறியைக் கட்சிகளின் பிடிவாதம் என்று நாம் திட்டுகிறோம். பிடிவாதமும் இருக்கும்தான். ஆனால் ஆட்சி அமைக்க வழி மிகுதியாக இருப்பதாலேயே பேச்சு முடியாமல் இழுப்பதும் உண்டு. இதை எல்லாரும் புரிந்துகொள்ள வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன்.

அப்படியானால் எங்கேயும் ஆட்சியே அமையக் கூடாதே? சுற்றை நிறுத்தக் கெடு வேண்டும். பெல்ஜியத்தில் 2010 ஜூன் 13 தேர்தலுக்குப் பிறகு முழு அரசு பதவியேற்க 541 நாள் ஆனது. அங்கே டச்சு பேசுகிறவர்களுக்கும் பிரெஞ்சு பேசுகிறவர்களுக்கும் கட்சிகள் தனித்தனி. பிரதமரை விட்டுவிட்டு எண்ணினால் அமைச்சரவையில் இரு மொழியினரும் சம எண்ணிக்கையில் இருந்தாக வேண்டும். இத்தனை முடிச்சுகளை அவிழ்க்கக் கெடு ஏதும் கிடையாது. பழைய அரசு காபந்து அரசாக ஓட்டிக்கொண்டிருந்தது.

நம் நாட்டில் குடியரசுத் தலைவர் ஒருவரைக் கூப்பிட்டு, இத்தனை நாளுக்குள் அவையில் பெரும்பான்மையைக் காட்டு என்கிறார். யாரை முதலில் கூப்பிட வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் இல்லை, அதனால் அந்த முதல் அழைப்புக்கே தனி எடை உண்டு. 1989-இல் ஆர். வெங்கட்ராமன் 197 இடம் பெற்ற காங்கிரஸைத் தனிப்பெரும் கட்சி என்று அழைத்தார். ராஜீவ் காந்தி மறுத்துவிட்டார். 1996-இல் 161 இடம் பெற்ற பாஜகவை சங்கர் தயாள் சர்மா அழைத்தார். 13 நாளில் வாஜ்பாய் ராஜினாமா செய்தார். 46 இடமே வைத்திருந்த ஜனதா தளத்தின் தேவகவுடா பிரதமரானார். 1998-இல் கே.ஆர். நாராயணன் வாஜ்பாயிடம் ஆதரவுக் கடிதங்களைக் கையில் கொண்டுவாருங்கள் என்றார். 18 இடம் வைத்திருந்த அதிமுகவின் கடிதம் எப்போது வரும் என்று தில்லியே காத்திருந்ததற்கு இதுதான் காரணம்.

வெளியிலிருந்து ஆதரவு என்று ஒன்று உண்டு. கவிழ்க்கிற பலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஆட்சியின் கெட்ட பெயரை மட்டும் தள்ளிவைக்கிற ஏற்பாடு. சரண் சிங், சந்திரசேகர், தேவகவுடா, குஜ்ரால் என்று காங்கிரஸின் வெளி ஆதரவை நம்பிய நான்கு பேரில் ஒருவர்கூட ஓராண்டைத் தாண்டவில்லை. 2004-இல் மன்மோகன் சிங் அரசை இடதுசாரிகளும் வெளியிலிருந்துதான் ஆதரித்தார்கள். ஆனால் குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டம் என்று எழுதிவைத்துக்கொண்டதால் அது நான்கு ஆண்டு நின்றது. வாய்ப்பேச்சில் பேரம் நாளுக்கு நாள் புதிதாகும், எழுத்தில் இருந்தால் விலகுகிறவர் காரணம் சொல்ல வேண்டிவரும்.

வாஜ்பாய் அரசு மக்களவையில் நம்பிக்கை வாக்கெடுப்பைச் சந்தித்த 1999 ஏப்ரல் 17 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பாவின் அரசுக் குடியிருப்பு வீட்டில், பக்கத்து வீட்டாரும் வந்து தூர்தர்ஷன் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா காபி கலந்துவைத்தது ஆறிப்போனது. பலகையில் எண் வந்தது: ஆதரவு 269, எதிர்ப்பு 270. அப்பா சத்தமாக ஒருமுறை படித்தார், பிறகு யாரும் பேசவில்லை. அந்த ஒரு வாக்கு யாருடையது என்று இன்றும் சண்டை நடக்கிறது. ஒடிசா முதல்வரான பிறகும் எம்.பி.யாக வந்து வாக்களித்த கிரிதர் கமாங் என்பார்கள், கட்சியை மீறிய சைபுதீன் சோஸ் என்பார்கள், கடைசி நேரத்தில் முடிவெடுத்த மாயாவதி என்பார்கள். கணக்குப்படி பார்த்தால் 270 பேரில் யார் ஒருவர் மாறியிருந்தாலும் 270-269 என்று புரண்டிருக்கும். அத்தனை பேருக்கும் அன்று சம பலம்.

கவிழ்க்கச் சேர்ந்த அந்த 270 பேரால் இன்னொரு அரசை அமைக்க முடியவில்லை. ஏப்ரல் 26-இல் மக்களவை கலைந்தது. ஜெர்மனியின் அரசியல் சட்டத்தில் இதற்கு 1949-இலிருந்தே ஒரு பூட்டு இருக்கிறது: அடுத்த பிரதமர் இன்னார் என்று பெரும்பான்மையோடு தேர்ந்தெடுக்காமல், பதவியில் இருப்பவரை இறக்க முடியாது. 1982-இல் ஹெல்முட் ஷ்மிட் இறங்கி ஹெல்முட் கோல் வந்தபோது மட்டுமே அது பலித்திருக்கிறது. அந்த விதி இங்கேயும் வர வேண்டும் என்பது என் வாதம்.

மிட்டாய்க்கும் கடைசியில் கெடுதான் வைத்தேன். "பத்து எண்ணுவேன், அதுக்குள்ள முடியலேன்னா எல்லாம் டப்பாவுக்குள்ள போயிடும்." ஆறு எண்ணும்போது பெரியவனும் சின்னவளும் கைகொடுத்துக்கொண்டார்கள், அவனுக்கு எட்டு, அவளுக்கு நாலு. ஆளுக்கு ஆறு என்று அவள் அடித்துப் பேசியிருக்கலாம். "அவன்கிட்ட நாலு கொட்டை, எங்கிட்ட ரெண்டுதானே மிஸ்" என்றாள். கூட்டணி அரசுகளில் இலாகாக்களும் ஏறக்குறைய இடங்களின் விகிதத்தில்தான் பிரிகின்றன. இதை வில்லியம் கேம்சன் 1961-இலேயே ஊகித்திருந்தார். நேரம் நெருக்கும்போது எல்லார் கண்ணுக்கும் சட்டென்று தெரிகிற நியாயம் விகிதம்தான் போல.

இன்னொரு ஆட்டம் வேண்டும் என்றார்கள். இந்தமுறை 4, 4, 1 என்று மூன்று குவியலாக வைத்து, எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பையன்கள் இருவரும் பாய்ந்து நாலையும் நாலையும் அள்ளினார்கள். சின்னவள் உதட்டை அசைத்து ஏதோ கூட்டிப் பார்த்தாள். மிச்சமிருந்த ஒற்றைக் கொட்டையை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டு, "இப்ப என்கிட்ட வந்து கேளுங்க" என்று சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.