நான்கு பேரல் கார்புரேட்டரில் கோளாறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

1970ஆம் ஆண்டில் செவர்லே நிறுவனம் விற்ற செவெல் எஸ்எஸ் காரை எல்எஸ்6 என்ற இன்ஜினுடன் வாங்கியவர்களுக்கு 454 கன அங்குலக் கொள்ளளவும், அதாவது சுமார் 7.4 லிட்டரும், 450 குதிரைத் திறனும் கிடைத்தன. பெரிய இன்ஜின் பூட்டிய அமெரிக்க மசில் கார்களின் உச்சகாலம் என்று பலர் அந்த ஆண்டைத்தான் சொல்வார்கள். அத்தனை பெரிய இன்ஜினுக்கு எந்த நொடியில் எவ்வளவு பெட்ரோல் தேவை என்பதைக் கணக்கிட அந்தக் காரில் கணினியும் இல்லை, சென்சாரும் இல்லை. இன்ஜினின் தலைமேல் உட்கார்ந்திருந்த ஹாலி நிறுவனத்தின் நான்கு பேரல் கார்புரேட்டர், அதாவது காற்று பாயும் நான்கு குழாய்களில் பெட்ரோலைக் கலக்கும் கருவி, அந்த வேலையைக் காற்றழுத்த வேறுபாடு ஒன்றை மட்டும் நம்பிச் செய்தது. இன்று அந்தக் கார்களைப் பழுதுபார்த்து ஓட்டுபவர்கள் இதைப் புரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இன்ஜின் பெட்ரோலை உறிஞ்சுகிறது என்று நாம் பேச்சு வழக்கில் சொல்கிறோம். உண்மையில் வெளிக்காற்றின் அழுத்தம்தான் அதைத் தள்ளுகிறது. கார்புரேட்டரின் பேரலுக்குள் வென்சுரி எனப்படும் குறுகலான இடுப்புப் பகுதி இருக்கிறது. அதன் வழியே பாயும் காற்று வேகம் கூடுவதால் அங்கே அழுத்தம் குறைகிறது. பக்கத்தில், மிதவை ஒன்று பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் மிதவை அறையிலோ, பெட்ரோலின் மேல் சாதாரண வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. இந்த இரண்டு அழுத்தங்களுக்கும் உள்ள வேறுபாடு, ஜெட் எனப்படும் நுண்துளை வழியே பெட்ரோலைத் தள்ளிக் காற்றோடு கலக்கச் செய்கிறது.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் முழுக் கொள்ளளவையும் நிரப்புகிறது. நிமிடத்துக்கு 5,600 சுற்றில் ஓடும் 454 இன்ஜின் முழுமையாக நிரம்புவதாகக் கொண்டால், 2,800 தடவை 454 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 735 கன அடிக் காற்றை ஒரு நிமிடத்தில் எடுத்துக்கொள்ளும். அந்தக் காரின் கார்புரேட்டர் நிமிடத்துக்கு 780 கன அடிக்கு அளவிடப்பட்டதன் காரணம் இப்போது தெளிவாகிறது. ஆனால் அதே இன்ஜின் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காத நிலையில், ஓடும்போது இதில் மிகச் சிறு பங்கையே எடுக்கிறது. வென்சுரியில் உண்டாகும் அழுத்தக் குறைவு காற்று வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் பாதியானால் அது கால் பங்காகிறது, வேகம் இருபதில் ஒரு பங்கானால் நானூறில் ஒரு பங்காகிவிடுகிறது. அவ்வளவு மெலிந்த அழுத்த வேறுபாட்டால் ஒரு சொட்டுப் பெட்ரோலைக்கூட மேலே தள்ள முடியாது. அதனால்தான் ஐடிலுக்கு ஒரு வழி, ஆக்சிலரேட்டரைத் திடீரென மிதிக்கும் கணத்துக்கு ஒரு பம்ப், சீரான ஓட்டத்துக்கு மெயின் ஜெட், பாரம் கூடும்போது திறந்து கூடுதல் பெட்ரோல் தரும் பவர் வால்வு, முழு வேகத்துக்குப் பின்புறப் பேரல்கள் இரண்டு என்று தனித்தனி ஏற்பாடுகள் ஒரே உடலுக்குள் வைக்கப்பட்டிருக்கின்றன.

ஆகவே கோளாறு தேடும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது எப்போது வருகிறது என்பதே. எந்த நிலையில் இன்ஜின் தடுமாறுகிறதோ அந்த நிலைக்கு உரிய வழியில்தான் கைவைக்க வேண்டும். ஐடிலில் துடிக்கும் இன்ஜினுக்கு மெயின் ஜெட்டை மாற்றுவது, கால்வலிக்குக் கண் மருந்து போடுவது போன்றது.

அதற்கும் முன்பாகக் கார்புரேட்டரின் மேல் பழி போடலாமா என்று பார்த்துவிடுவது நல்லது. இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருந்தாலும், ஸ்பார்க் பிளக் வயர் ஒன்று பழுதாகியிருந்தாலும், கார்புரேட்டருக்குக் கீழே உள்ள கேஸ்கெட் வழியே காற்று நுழைந்தாலும் அறிகுறிகள் ஒன்றுபோலவே தெரியும். இவை சரியென்று உறுதியான பின், பெட்ரோல் பம்பின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 5 முதல் 7 பவுண்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைவிட மிகுந்தால் மிதவை அறையின் ஊசி வால்வு தாக்குப்பிடிக்காமல் பெட்ரோல் வழிந்துவிடும்.

மிதவையின் உயரத்தைப் பார்ப்பது, இந்த வேலைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. காரைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, மிதவை அறையின் பக்கவாட்டில் உள்ள சிறு திருகைக் கழற்றினால் பெட்ரோல் அந்தத் துளையின் கீழ் விளிம்பைத் தொட்டபடி நிற்க வேண்டும். காரை லேசாக அசைத்தால் ஓரிரு சொட்டு வெளியே கசிய வேண்டும். ஒழுகி ஓடினால் மட்டம் உயரம், ஒன்றுமே வராவிட்டால் தாழ்வு. சூடான இன்ஜினுக்கு மேல் இதைச் செய்வதால் துணியும் தீயணைப்பானும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது ஐடில். ஜெட்டுகள் பொருந்தியிருக்கும் மீட்டரிங் பிளாக்கின் இருபுறமும் உள்ள கலவைத் திருகுகளை மெல்ல முழுவதும் உள்ளே திருகி, பின்னர் ஒன்றரைச் சுற்று வெளியே விட்டுத் தொடங்குவது வழக்கம். இன்ஜினுக்குள் காற்று செல்லும் குழாயின் அழுத்தக் குறைவைக் காட்டும் வேக்குவம் மீட்டரை இணைத்து, முள் எட்டக்கூடிய உச்சத்தில் நிற்கும்வரை இரண்டையும் சம அளவில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். முழுவதும் உள்ளே திருகிய பிறகும் இன்ஜின் நிற்காமல் ஓடினால், பெட்ரோல் வேறெங்கிருந்தோ வருகிறது என்று பொருள். பெரும்பாலும் ஐடில் வேகத்துக்காக காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தட்டை அளவுக்கு மீறித் திறந்து வைத்திருப்பார்கள். அதனால் தட்டின் விளிம்பருகே உள்ள நீள்துளை வெளிப்பட்டு, அதன் வழியே பெட்ரோல் தாராளமாக வரும். அது இல்லையென்றால் பவர் வால்வைச் சந்தேகிக்கலாம். இன்ஜின் பின்வெடிப்பு கொடுக்கும்போது, அதாவது தீ கார்புரேட்டர் பக்கம் திரும்பி வெடிக்கும்போது, பழைய கார்புரேட்டர்களில் இந்த வால்வின் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு கிழிந்துபோவது உண்டு.

பவர் வால்வின்மேல் பொறிக்கப்பட்ட 65 என்ற எண், வேக்குவம் 6.5 அங்குலப் பாதரசத்துக்குக் கீழே இறங்கும்போது அது திறக்கும் என்பதைக் குறிக்கிறது. வேகத்துக்கென வடிவமைத்த கேம் ஷாஃப்ட் (சிலிண்டர் வால்வுகளைத் திறக்கும் தண்டு) உள்ள இன்ஜின்களில் ஐடில் வேக்குவமே குறைவாக இருப்பதால், பவர் வால்வு எப்போதும் திறந்தே இருந்து பெட்ரோலை வீணாக்கக்கூடும். ஐடில் வேக்குவத்தில் பாதி அளவில் திறக்கும் வால்வைத் தேர்வது நல்ல தொடக்கம். 9 அங்குலம் காட்டினால் 4.5 பொருந்தும்.

சிக்னலில் பச்சை விழுந்ததும் மிதித்தால் ஒரு கணம் மூச்சடைத்து நின்று பிறகு பாயும் கார்களைப் பலர் பார்த்திருப்பார்கள். த்ராட்டில் திறந்தவுடன் காற்று உடனே பாய்கிறது. அதைவிடக் கனமான பெட்ரோல் பின்தங்கிவிடுகிறது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஆக்சிலரேட்டர் பம்ப் இருக்கிறது. இன்ஜினை நிறுத்தி, ஏர் கிளீனரைக் கழற்றி, பேரலுக்குள் பார்த்தபடி த்ராட்டில் கம்பியை ஒரு மயிரிழை நகர்த்தினாலே மேலிருக்கும் சிறு குழல்களிலிருந்து பெட்ரோல் மெல்லிய கோடாகப் பீச்ச வேண்டும். கொஞ்சம் நகர்த்திய பிறகே பீச்சினால் பம்பின் நெம்புகோலில் தளர்வு இருக்கிறது.

பின்புறப் பேரல்கள் வேக்குவத்தால் திறக்கும் வகையாக இருந்தால், இன்ஜின் பாரமில்லாமல் உறுமும்போது அவை திறக்காது. அதைக் கண்டு பழுதென்று எண்ணிவிடக் கூடாது. அவற்றைத் திறக்கும் டயாஃப்ரத்தின் தண்டில் ஒரு பேப்பர் கிளிப்பை மாட்டி, பாதுகாப்பான சாலையில் ஒருமுறை முழுமையாக மிதித்து ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், கிளிப் எவ்வளவு கீழே தள்ளப்பட்டிருக்கிறதோ அவ்வளவு அவை திறந்திருக்கின்றன. இவ்வளவு எளிய சோதனை இவ்வளவு துல்லியமாக உண்மை சொல்வது அழகானது.

மெயின் ஜெட்டை இவை எல்லாவற்றுக்கும் பிறகே தொட வேண்டும், அதுவும் ஒரு தடவைக்கு ஓர் அளவு மட்டும். கடல்மட்டத்தில் சரியாக ஓடிய கார், 1,600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வர் நகரில் காற்று மெலிவதால் பெட்ரோல் மிகுந்து கரும்புகை கக்கும். அங்கே ஜெட்டைச் சிறிதாக்குவார்கள். இன்று அமெரிக்காவில் பரவலாகக் கிடைக்கும் பெட்ரோலிலோ 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. வெறும் பெட்ரோல் ஒரு பங்கு முழுமையாக எரிய 14.7 பங்குக் காற்று போதும் என்றால், இந்தக் கலவைக்குச் சுமார் 14.1 பங்கே தேவை. ஆகவே 1970இன் ஜெட்டை அப்படியே வைத்திருக்கும் கார், இன்றைய எரிபொருளில் சற்றே காற்று மிகுந்த நிலையில், மெக்கானிக்குகள் லீன் என்று சொல்லும் நிலையில் ஓடுகிறது. ஜெட்டை ஓரிரு எண் பெரிதாக்கினால் அது நேராகும். சைலன்சர் குழாயில் ஆக்சிஜன் சென்சார் பொருத்திப் பார்ப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். வெறும் பெட்ரோலுக்கென அளவு குறித்த மீட்டர், எத்தனால் கலந்த எரிபொருள் சரியாக எரியும்போதும் 14.7 என்றே காட்டும், 14.1ஐ எதிர்பார்த்து ஜெட்டை மேலும் பெரிதாக்கினால் பிளக்குகளில் கரி படியும்.